ஒட்டுப் போட்ட இடம்

— கொஞ்சம் தள்ளி நில்லுடி, தலையில விழப் போகுது. சீலிங்ல இந்த இடம் மட்டும் எப்படித் தொந்தி போட்டுத் தொங்குது பாரு.

— நான் தள்ளித்தான் நிக்கறேன் மேஸ்திரியாரே. நீங்க ஏணி மேல நின்னுக்கிட்டுக் கதை அளக்காம சுரண்டுங்க. புழுதி பூரா என் கண்ணுக்குள்ள.

— எவன் பண்ணின வேலைன்னு தெரியல. பழைய துணியை ஒட்டி மேல பட்டியை அப்பியிருக்கான். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக்கூட இல்ல. நம்ம தொழில்காரன் எவனும் இப்படிப் பண்ண மாட்டான்.

— வீட்டுக்காரரே பண்ணியிருப்பாரு. ஆள் கூப்பிடாம அவசரத்துல பூசின மாதிரிதான் இருக்கு. உங்ககிட்ட என்ன சொன்னாரு அவரு?

— எலின்னாரு. மேல ஒரு பரண் ரூம் இருக்காம், அங்க எலித் தொல்லையாம். பழைய ஒட்டைப் பிரிச்சு எடுத்துட்டு, இரும்புத் தகட்டை உத்திரத்தோட சேத்து முடுக்கணும். அதுக்கு மேல பட்டி. நாளைக்குப் பிரைமர், வெள்ளை. இந்த இடத்துக்கு மட்டும் அடிச்சா திட்டாத் தெரியுமாம், சீலிங் பூராவும் அடிக்கணுமாம். இங்க ஓட்டை இருந்த தடமே தெரியக் கூடாதுன்னு வாசல் வரைக்கும் வந்து சொல்லிட்டுப் போனாரு.

— அதான் கேக்கறேன். எலிக்கு எதுக்கு இந்தத் தகடு? தூக்கிட்டு வந்த எனக்கு இன்னும் தோள் வலிக்குது. எருமை மேல விழுந்தாக்கூட நெளியாது.

— நமக்கெதுக்கு வம்பு. அவரு வீடு, அவரு எலி. தகடு வேணுமா, தகடு அடிப்போம். நாளைக்குத் தங்கத்துல அடின்னாலும் அடிச்சுட்டுப் போவோம். இந்தா, பெரிய துண்டு பேந்து வருது, பிடிச்சுக்க. மெதுவா. ஆங், விட்டுடு.

— ஓட்டைக்குள்ள அப்படி என்னத்தைப் பாக்கறீங்க?

— எலி இல்லடி இது.

— பின்ன?

— போர்டு விளிம்பைப் பாரு. எலி கடிச்சிருந்தா பொடிப்பொடியா இருக்கும். இது மளுக்குனு முறிஞ்சு கீழ்ப்பக்கமா தொங்குது. மேலேர்ந்து யாரோ உதைச்சிருக்காங்க. ஒரு தடவையில உடையல. பாரு, இங்க ஒரு விரிசல், அங்க ஒண்ணு. திரும்பத் திரும்ப உதைச்சிருக்காங்க.

— ஆள் நுழையற அளவுக்கு இருக்கே.

— ஒல்லியான ஆளுன்னா நுழையலாம். நீ பாதியில மாட்டிக்குவே.

— உங்க வாயில இந்தப் பட்டியைத்தான் அப்பணும். சத்தம் போடாதீங்க, அந்தப் பொண்ணு வருது.

— அண்ணே, டீ போட்டுக் கொண்டாந்திருக்கேன். இறங்கி வந்து குடிங்க. அண்ணி, உங்களுக்குச் சக்கரை போடலாமா?

— போடு கண்ணு. அவருக்குத்தான் போடக் கூடாது, ஆனா அவரு கேக்க மாட்டாரு. உனக்கு எதுக்கு இந்தச் சிரமம்? வீட்டுல வேற பொம்பளைங்க யாரும் இல்லியா?

— நானும் அவரும்தான் அண்ணி. அவரு கடைக்குப் போயிருக்காரு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுவாரு. இன்னிக்கு வேலையைப் பாக்கணும்னு சீக்கிரமே வரேன்னாரு.

— கல்யாணம் ஆகி ரொம்ப நாள் ஆகல போல.

— மழைக்கு முன்னாடிதான் ஆச்சு. நான் ரெண்டாம் தாரம்.

— ஓ. மூத்தவங்க...

— தவறிட்டாங்க. ஒட்டடை அடிக்க ஏணி போட்டு ஏறினாங்களாம். கால் வழுக்கி விழுந்துட்டாங்களாம். அப்படித்தான் எல்லாருக்கும் சொன்னாங்க.

— எந்த இடத்துல கண்ணு?

— இந்த ரூம்லதான். அண்ணன் ஏணி போட்டிருக்காரே, அந்த இடம்.

— சரி சரி. டீ ஆறுது, குடிடி. தங்கச்சி, டீ நல்லா இருக்கும்மா. நீ போய் உன் வேலையைப் பாரு, இங்க ஒரே தூசி.

— இருங்க, நான் ஒண்ணு கேட்டுக்கறேன். கண்ணு, மேல ரூம்ல என்ன இருக்கு?

— நான் உள்ள போனதில்ல அண்ணி. படி ஏறி வாசல் வரைக்கும் போயிருக்கேன். வெளியில தாழ்ப்பாள் போட்டுப் பூட்டித்தான் இருக்கும், சாவி அவருகிட்ட. இப்ப ஒரு மாசமா அவரே உக்காந்து சரி பண்ணிட்டிருக்காரு, எனக்காக.

— உனக்காகவா?

— எனக்கு அமைதியா இருக்கணுமாம். அக்கம்பக்கத்துல நின்னு நான் பேசறேன்ல, அது என் உடம்புக்கு ஆகாதுன்னு சொல்றாரு. மேல இருந்தா தெருச் சத்தமே கேக்காதாம். சாப்பாட்டைக்கூட அவரே கொண்டாந்து தரேன்னாரு.

— நல்ல மனுசன்தான்.

— எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க அண்ணி. அடுப்புல சோறு வெச்சுட்டு வந்தேன், பாத்துட்டு வரேன்.

— போயிடுச்சா?

— போயிடுச்சு. இந்தா பாரு, எனக்குத் தெரியும் நீ என்ன சொல்லப் போறேன்னு. வேணாம். அடுத்தவங்க வீட்டு விஷயத்துல நாம மூக்கை நுழைச்சா, நாளைக்கு இந்தத் தெருவுல ஒருத்தன் நமக்குச் சுவரு தர மாட்டான்.

— நான் ஒண்ணும் சொல்லலியே. ஒட்டடை அடிக்க ஏறினவ தலைக்கு மேல எப்படி ஓட்டை விழுந்துச்சுன்னுதான் கேக்கறேன். ஏணியிலேர்ந்து கீழ விழுவாங்களா, மேல விழுவாங்களா?

— விடுடி.

— நீங்களே சொன்னீங்க, மேலேர்ந்து உதைச்சிருக்காங்கன்னு. மேல பலகைதானே போட்டிருக்கு? அந்தப் பலகையைத் தள்ளிப் பாருங்க.

— எதுக்கு?

— தகடு அடிக்கறதுக்கு முன்னாடி உத்திரம் நல்லா இருக்கான்னு பாக்க வேணாமா? தொழில் தெரிஞ்ச ஆளுதானே நீங்க?

— என்னை ஏத்தி விடறதுல உன்னை மிஞ்ச ஆள் இல்ல. இரு. இந்தப் பலகைக்கு ஆணியே அடிக்கல, சும்மாதான் வெச்சிருக்கு. தள்ளினா நகருது. டார்ச்சை எடு.

— இந்தாங்க. தலையை உள்ள விடுங்க. என்ன தெரியுது?

— புதுக் கட்டில். மெத்தைக்கு இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கல. தண்ணிக்குடம். பிளாஸ்டிக் வாளி, மூடி போட்ட வாளி. நல்லாத்தான் வெச்சிருக்காரு.

— ஜன்னல்?

— இல்ல.

— என்ன இல்ல? வெளியிலேர்ந்து வரப்ப மேல ஒரு ஜன்னல் சட்டம் பாத்தேனே.

— சட்டம் இருக்கு. உள்பக்கம் செங்கல் வெச்சு அடைச்சிருக்கு. பூச்சு இன்னும் சரியா காயல, ஈரமாத் தெரியுது.

— கதவு?

— கதவு இருக்கு. கைப்பிடி இல்ல.

— கழட்டி வெச்சிருப்பாங்களோ, பெயிண்ட் அடிக்க?

— கைப்பிடி இருந்த துளையை மரத்தூளும் பசையும் வெச்சு அடைச்சு, இழைச்சு விட்டிருக்கு. உள்பக்கம் வழுவழுன்னு ஒண்ணுமே இல்லடி. கீழ மட்டும் ஒரு தட்டு போற அளவுக்கு அறுத்திருக்கு.

— இறங்குங்க.

— இரு, இங்க உத்திரத்துல என்னமோ கட்டியிருக்கு. கை எட்டுது. துணி. நல்லா முடிச்சுப் போட்டு இறுக்கியிருக்கு. சேலைத் துணி மாதிரி இருக்கு.

— மீதிச் சேலை எங்க?

— முடிச்சுக்குக் கீழ ஒரு முழம்தான் இருக்கு. கிழிஞ்சிருந்தா நூல் தொங்கும். இது நேரா அறுத்திருக்கு. கத்தியால.

— ஏங்க. யாரோ இதைப் பிடிச்சுக்கிட்டு இறங்கியிருக்காங்க.

— தெரியுது.

— இறங்கறப்ப மேலேர்ந்து ஒருத்தர்...

— தெரியுதுடி. வாயை விட்டுச் சொல்லாதே. போன் அடிக்குது, என் சட்டைப் பையிலேர்ந்து எடுத்துக் கொடு. கை பூரா தூசி.

— அவருதான்.

— சொல்லுங்க சார். ஆங், பிரிச்சாச்சு சார். இல்ல சார், மேல எல்லாம் எட்டிப் பாக்கல, எனக்கு எதுக்கு சார் அது. அம்மாவா? அடுப்படியில இருக்காங்க. இல்ல சார், டீ கொடுத்தாங்க, அவ்வளவுதான். ஒண்ணும் பேசல. என் சம்சாரமா? அவ காது மந்தம் சார். சரிங்க. ஸ்குரூ நெருக்கமாவே போட்டுடறேன். நீங்க வந்து பாத்துக்குங்க சார்.

— நான் எப்பத்திலேர்ந்து காது மந்தம்?

— இப்பத்திலேர்ந்து. வேலையைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டாரு. மீதி எல்லாம் அந்தப் பொண்ணு நம்மகிட்ட வந்து பேசுச்சா, என்ன பேசுச்சுன்னுதான். தகடு அடிச்சதும் அவரே மேல போய் ஏறி நின்னு மிதிச்சுப் பாப்பாராம். கெட்டியா இருந்தாத்தான் பட்டி பூசணுமாம்.

— நம்ம பொண்ணு வயசுங்க அதுக்கு.

— எனக்கு மட்டும் தெரியாதா? என்ன பண்ணச் சொல்றே? சாமானை அள்ளிக்கிட்டுப் போயிடலாமா? நாம போனா நாளைக்கு வேற ஒருத்தன் வந்து இதே தகட்டை அடிச்சுட்டுப் போவான். போலீசுக்குப் போலாமா? எங்க வீட்டுக்காரரு எனக்குக் கட்டில் வாங்கிக் கொடுத்தாருன்னு அந்தப் பொண்ணே சொல்லும்.

— அதுகிட்டச் சொல்லிடலாம். மேல என்ன இருக்குன்னு சொல்லிடலாம். அப்புறம் அது பாடு.

— சொல்லி, அது போய் அவருகிட்டயே கேட்டுச்சுன்னா?

— அண்ணி, யாரு எதைக் கேட்டா?

— வா கண்ணு. அடுப்பை அணைச்சுட்டியா? வந்து இப்படி உக்காரு. ஏங்க, அந்தத் துணியை அவுத்துக் கொண்டாங்க.

— வேணாம்டி.

— கொண்டாங்கன்னா கொண்டாங்க. கண்ணு, நான் சொல்றதைக் கேட்டுப் பயப்படாதே. இந்த ஓட்டை எலி போட்டது இல்ல. மேல ரூம்ல யாரையோ அடைச்சு வெச்சிருந்திருக்காங்க. அவங்க பலகையைப் பேத்து, இந்த போர்டை உதைச்சு உடைச்சு, சேலையைக் கட்டி இறங்கப் பாத்திருக்காங்க. இதுதான் அந்தச் சேலை. இந்த முனையைப் பாரு, அறுத்திருக்கு. கண்ணு? ஏம்மா, என்ன பண்ணுது? ஏங்க, தண்ணி எடுங்க.

— வேணாம் அண்ணி. தண்ணி வேணாம். அதை என்கிட்டக் கொடுங்க.

— இந்தா கண்ணு, பிடி.

— மாம்பழக் கலர். பச்சைக் கரை. அம்மா எடுத்துக் கொடுத்தது. எனக்கு வேணும்னு நான் அழுதேன், அவளுக்குத்தான் நல்லா இருக்கும்னு சொல்லிட்டாங்க.

— யாருக்கு கண்ணு?

— எங்க அக்காவுக்கு.

— உங்க அக்காவா?

— அவரோட மூத்த சம்சாரம் எங்க அக்காதான் அண்ணி. கூடப் பொறந்தவ.

— நீ சொல்லவே இல்லியேம்மா.

— நீங்க யாருன்னு தெரியாம எப்படிச் சொல்றது அண்ணே? அவருக்கு வேண்டிய ஆளா இருந்தா?

— சரி. இப்பச் சொல்லு.

— கல்யாணத்துக்கு அப்புறம் அக்கா தினம் போன் பண்ணுவா. ஒரு நாள் பேசறப்ப, அவரு எனக்காக மேல ஒரு ரூம் சரி பண்றாரு, அமைதியா இருக்கலாமாம்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. அதுக்கப்புறம் போன் வரல. நாங்க பண்ணினா அவருதான் எடுப்பாரு. குளிக்கறா, தூங்கறா, கோவிச்சுக்கிட்டு இருக்கான்னு ஏதாவது சொல்லுவாரு. அப்பா ஒரு தடவை நேர்ல வந்தாரு. அக்கா சிநேகிதி வீட்டுக்குப் போயிருக்கான்னு வாசல்லயே உக்கார வெச்சு அனுப்பிட்டாரு. அப்புறம் ஒரு நாள் காலையில வந்த போன்ல, ஏணியிலேர்ந்து விழுந்துட்டான்னு சொன்னாங்க.

— ஐயோ.

— அவளைக் குளிப்பாட்டினப்ப நான் இருந்தேன் அண்ணி. பாதி உடம்பா இருந்தா. விரல்ல ஒரு நகம்கூட முழுசா இல்ல, எல்லாம் பிஞ்சு போயிருந்துச்சு. ஒட்டடை அடிச்சா நகம் எப்படிப் பியும்னு அங்கயே கேட்டேன். பெரியம்மா என் வாயைப் பொத்தி வெளிய இழுத்துட்டுப் போனாங்க. அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போலீசுக்கும் போனேன். வந்து பாத்தாங்க. இந்த ரூம்ல ஏணி இருந்துச்சு, சீலிங் வெள்ளையா இருந்துச்சு. அவரு அழுத அழுகையைப் பாத்துட்டு அவங்களே தண்ணி கொடுத்தாங்க. என்னைத்தான் தனியாக் கூப்பிட்டுப் புத்தி சொல்லி அனுப்பினாங்க.

— அப்புறம் எதுக்குடி கண்ணு நீ இந்த வீட்டுக்கு வந்தே? உங்க அப்பா அம்மாவுக்குக் கண்ணு தெரியலியா?

— அவங்க நம்பினாங்க அண்ணி. அவரைப் பாத்தா நம்பத்தான் தோணும். வருசம் திரும்பறதுக்குள்ள வந்து, சின்னவளைக் கொடுங்க, அவ முகத்தைப் பாத்தாவது இருந்துக்கறேன்னு அழுதாரு. நான் மாட்டேன்னு சொல்லுவேன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. நான் சரின்னுட்டேன். வெளியில நின்னு கேட்டா யாரும் பதில் சொல்லல. உள்ள வந்தாத்தானே பாக்க முடியும்.

— என்ன பாத்தே?

— முதல் நாள் ராத்திரி படுத்துக்கிட்டு மேல பாத்தேன், ஒரு இடத்துல வெள்ளை வேற மாதிரி இருந்துச்சு. அவரு வெளிய போனப்ப எல்லாம் ஒட்டடைக் கம்பால அந்த இடத்தைக் குத்திக்கிட்டே இருந்தேன், லேசா லேசா. தொந்தி போட்டுச்சு. எலி ஓடுதுங்கன்னு அவருகிட்ட நான்தான் சொன்னேன். ஆள் கூப்பிட்டுத்தான் ஆகணும்னு ஆச்சு.

— நீ சாதாரண ஆள் இல்லம்மா.

— சரி கண்ணு, போதும். இப்பத் துணி கையில கிடைச்சாச்சு. எழுந்திரு, நாங்க ரெண்டு பேரும் கூட வரோம். எங்க வண்டியில உக்காரு. அவரு வரதுக்கு முன்னாடி போயிடலாம். நேரா ஸ்டேசன்தான்.

— துணியைக் காட்டினா என்ன சொல்லுவாரு தெரியுமா அண்ணி? எப்பவோ ஊஞ்சல் கட்டினதும்பாரு. ஜன்னல்? திருட்டுப் பயம். கைப்பிடி? உடைஞ்சு போச்சு, புதுசு வாங்கணும். எல்லாத்துக்கும் ஒரு பதில் இருக்கும். கடைசியில ஒரு சொட்டுக் கண்ணீரும் விடுவாரு. அவரு வாயால வந்தாத்தான் உண்டு.

— அப்படின்னா என்னதான் பண்ணச் சொல்றே?

— தகட்டை அடிங்க அண்ணே.

— என்னது?

— அவரு சொன்னபடியே அடிங்க. ஸ்குரூவை நெருக்கமாப் போடுங்க.

— கண்ணு, உனக்குப் புத்தி கலங்கிடுச்சா? நான் இவர்கிட்ட வேற மாதிரி சொல்லலாம்னு இருந்தேன். மேலுக்கு வெறும் போர்டை ஒட்டிப் பட்டி பூசிட்டா, உதைச்சா உடைஞ்சுடும். உனக்கு ஒரு வழியாவது இருக்கும்.

— வேணாம் அண்ணி. அவரு மிதிச்சுப் பாப்பாரு. ஆட்டம் கொடுத்துச்சுன்னா வாசல்லயே நின்னுடுவாரு, உள்ள காலை வைக்க மாட்டாரு. கெட்டியா இருக்கணும்.

— எனக்கு ஒண்ணும் பிடிபடல. நீ சொல்லேன்டி, என்ன பண்றது?

— அடிங்க.

— நீயுமா?

— அந்தப் பொண்ணு கண்ணைப் பாத்துட்டுத்தான் சொல்றேன். அடிங்க. நான் இந்த மூலையைத் தாங்கிப் பிடிச்சுக்கறேன்.

— சரி. மேல் பலகையைப் பழையபடி நகர்த்திட்டேன். தூக்கு. இன்னும் கொஞ்சம். அப்படியே பிடி. தங்கச்சி, அந்த ஸ்குரூ டப்பாவைக் கொடும்மா.

— இந்தாங்க அண்ணே. இந்தப் பக்கம் இடைவெளி அதிகமா இருக்கு. நடுவுல இன்னொண்ணு போடுங்க.

— போட்டாச்சு. இனிமே உத்திரம் பேந்தாத்தான் தகடு வரும். என் தொழில்ல இவ்வளவு கெட்டியா ஒரு வேலையும் பண்ணினதில்ல. பண்ணினதுக்குச் சந்தோசமும் இல்ல.

— அண்ணே, இங்க நின்னா மேல பேசறது கேக்குமா?

— தாராளமாக் கேக்கும். பலகைதானே. கத்தினா தெளிவாவே கேக்கும்.

— தெருவுக்குக் கேக்குமா?

— ஜன்னல்தான் அடைச்சிருக்கே. இந்த ரூமைத் தாண்டாது.

— அப்ப நீங்க ரெண்டு பேரும் சாப்பாட்டு நேரம் தாண்டியும் கொஞ்சம் இருக்கணும். இந்த ரூம்லயே உக்காந்து பட்டி கலக்குங்க. கேட்டதை அப்புறம் நாலு பேரு முன்னாடி சொல்லணும். நான் மட்டும் சொன்னா எடுபடாது, பாத்தாச்சு. இருப்பீங்களா அண்ணே?

— நான் வம்புக்குப் போற ஆளே இல்ல தங்கச்சி. இவளைக் கேளு. ஆனா இருக்கேன்.

— கேட் சத்தம் கேக்குது கண்ணு. அவருதானா?

— அவருதான். செருப்பைக் கழட்டி, போனை வாசல் மேசையில வெச்சுட்டு நேரா மேலதான் போவாரு, கை கழுவக்கூட நிக்க மாட்டாரு. முந்தானையில தூசி இருக்கா பாருங்க அண்ணி, தட்டி விடுங்க. அவரு ஏறினதும் நானும் பின்னாடியே போறேன். அக்கா எப்படி விழுந்தான்னு இன்னிக்கு அவரே சொல்லுவாரு.

— அவரு எதுக்குடி சொல்லப் போறாரு?

— தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தானே அண்ணி இருக்கு.